முன்னறையில் ஆள் இருந்த நாள்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் வட்டக்கானல் வீட்டு முன்னறைகள் இரண்டிலும் பினாயில் வாசனை ஏறிவிடும். சீசனுக்கு அவற்றைச் சுற்றுலா வந்தவர்களுக்கு விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் நானும் பாய் தலையணையோடு அடுப்படிக்குக் குடிபோய்விடுவோம். "கெஸ்ட்" வந்துவிட்டால் அப்பாவுக்கு முகமே வேறு. எங்களிடம் எரிந்துவிழுந்துகொண்டிருந்தவர், கதவைத் தாண்டியதும் "ஹாட் வாட்டர் ரெடி சார்" என்று குழைவார். அம்மாவுக்கு அந்த வித்தை சுட்டுப்போட்டாலும் வராது. சிரித்தாலும் அழுதாலும் தெருவுக்கே கேட்கும்.

அப்படியொரு சீசன் காலையில், பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் கிளை கழிக்க ஏறிய என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மரத்திலிருந்து விழுந்து இறந்துபோன சேதி வந்தது. முன்னறையில் ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் கட்டிக்கொண்டிருந்தது. அம்மா கத்துவதற்குள் அப்பா அவள் வாயைப் பொத்தினார்.

"அவங்க கெளம்பட்டும் புள்ள. இப்ப அழுதா பார்ட்டி காலி பண்ணிட்டுப் போயிரும், புரோக்கர் இனி ஆளே கூட்டியாரமாட்டாரு. போன பெறகு எம்புட்டு வேணும்னாலும் அழு."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பூரி சுட்டாள். அவர்கள் வெட்டிய கேக்கில் எனக்கும் ஒரு துண்டு வந்தது; தின்றேன், ருசி நினைவில்லை.

மதியத்துக்கு மேல்தான் கிளம்பினார்கள். பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமாவை அடக்கம் பண்ணி முடித்திருந்தார்கள். "வெரசா வருவீகன்னு பாத்துப் பாத்து, மழை கட்டவும் எடுத்துட்டோம்" என்றார்கள். அப்பா வாசலிலேயே "மாப்ளே" என்று விழுந்து புரண்டு அழுதார். நடிப்பென்று சொல்லமாட்டேன், இடத்துக்கு ஏற்ற முகம் அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது, அவ்வளவுதான். அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். "கூடப் பொறந்தவ கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல. மச்சானப் பாருங்க, எப்பிடி உருகுறாரு" என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

இப்போது எங்கள் வீடு "ஹோம்ஸ்டே". பாய் சுருட்டி அடுப்படிக்குப் போகும் பழக்கம் போய்விட்டது. தங்கிப்போனவர்கள் இணையத்தில் எழுதுவதில் அம்மாவின் சிரிப்பைப் புகழாதவர் குறைவு. தெருவுக்குக் கேட்ட அந்தக் குரல் மட்டும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தம்கூட வருவதில்லை, உள்ளே மரத்துக் கிடக்கிறது.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். மூச்சு நின்றதை நான்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, "முன்னால கெஸ்ட் யாரும் இருக்காங்களாடி?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நீ அழு."

அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மூடிக்கொண்டாள்.