காதர் கெடுக்காத மூடி

போன செவ்வாய்க்கிழமை காலை கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பஞ்சர் கடை அந்தோணி வந்து, "மேஸ்திரி, அறிஞ்சீங்களா? காதர் போயிட்டாரு" என்றார். எந்தக் காதர் என்று கேட்டேன். "அதான், மிளகு முதலாளி வண்டி மூடியக் காஸ்டிக் சோடாவுல போட்டுக் கெடுத்தாரே, நம்ம பாலிஷ் காதரு." கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மனிதரைப் பற்றி ஊர் ஞாபகம் வைத்திருக்கும் ஒரே விஷயம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அவரை அறிந்தவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் பஜாருக்குப் பின்னாலிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் நான் தலைமை மேஸ்திரி, காதருக்குப் பாலிஷ் வேலை. எங்களிடம் வந்ததெல்லாம் யுத்தம் முடிந்து பட்டாளம் விற்றுத் தள்ளிய பழைய வண்டிகள். உப்புக்காற்றில் அவற்றின் அலுமினிய எஞ்ஜின் மூடிகள் சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடக்கும். உப்புத்தாள், மண்ணெண்ணெய், கடைசியில் கம்பளித் துணி என்று காதர் ஒரு மூடிக்கு இரண்டு நாள் எடுப்பார். முடிந்ததும் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இளிப்பார். "பல்லு தெரிஞ்சா போதாது மேஸ்திரி. பல்லுல வெத்தலைக் கறை தெரியணும்." நானும் சிரிப்பேன். ஆனால் அவருடைய நிதானம் எனக்குச் சோம்பலாகத்தான் பட்டது. என் புத்தி அவ்வளவுதான்.

இரும்புச் சாமான்களின் கிரீஸ் போக ஒரு பீப்பாயில் காஸ்டிக் சோடா கரைத்து வைத்திருந்தோம். ஒருநாள் காதர் அதன்மேல் பலகையைப் போட்டு மூடினார். "இதுகிட்ட அலுமினியம் வரக்கூடாது மேஸ்திரி, தின்னுபோடும்" என்றார். பாலிஷ்காரர் எனக்குப் பாடம் நடத்துவதா என்று ரோஷம் வந்தது.

அடுத்த மாதம் எங்கள் வாடிக்கைக்காரர் மிளகு முதலாளி தன் வண்டியை அவசரமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை. காதர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு மூடி பாக்கி. நாமே முடித்துக் காட்டலாம் என்று அதைப் பீப்பாயில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது நுரைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் வெறுங்கையை விட்டு எடுத்தேன். மூடி கறுத்து, அம்மைத் தழும்புபோல் குழிகுழியாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து மிளகு முதலாளி உள்ளே வந்தார். யார் செய்தது என்று கத்தினார். "பாலிஷ் வேலை காதரோடது. ஊறப்போட்டுட்டுப் போயிருக்காரு" என்றேன்.

காதர் வாசலில் நின்றிருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பீப்பாயைப் பார்த்தார், பிறகு துணிக்குள் நான் மறைத்திருந்த கையைப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "சரியாக்கப் பாக்குறேன் முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். மூன்று நாள் தேய்த்தார். குழி போகவில்லை. அதன்பிறகு வாடிக்கைக்காரர்கள் காதர் கை படவேண்டாம் என்று சொல்லித்தான் வண்டியையே விட்டார்கள். இரண்டு மாதத்தில் அவர் வெலிங்டன் தீவுக்குக் கப்பல் துரு சுரண்டும் வேலைக்குப் போய்விட்டார். பீப்பாய் என் பொறுப்பில்தான் இருந்தது. நான் மேஸ்திரியாகவே இருந்தேன்.

பிறகு எத்தனையோ தடவை படகில் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்தே பல்லைக் காட்டி, "கறை தெரியுதா மேஸ்திரி?" என்பார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிப்போவேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "மேஸ்திரி அண்ணே, உங்க கை சொகமாச்சா? அந்தக் காலத்துல பட்டறையில சோடாக் காரம் பட்டு வெந்துபோச்சுன்னு அவங்க வந்து சொன்னாங்க. தடவுறதுக்குத் தேங்கா வெளிச்செண்ணெ குடுத்துவிடச் சொன்னாங்க, நாந்தான் மறந்துட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"இல்லியே அண்ணே. என்னது?"

அங்கேயும் நான் சொல்லவில்லை.

அவர் மெருகேற்றிய மூடி ஒன்றுகூட என்னிடம் இல்லை. மிஞ்சியிருப்பது என் வலது கையின் மூன்று விரல்களில் உள்ள வெள்ளைத் தழும்புதான். இனி யாராவது காதர் கெடுத்த மூடி என்று பேச்செடுத்தால், என்னிடம் அனுப்புங்கள். கையைக் காட்டுகிறேன்.