ஒருமித்த தீர்ப்பு

அந்த நீதிபதியை முதலில் பார்த்தது மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். தோட்டத்து லயத்து வீடுகளை நாங்கள் காலி செய்ய வேண்டுமா என்பதுதான் வழக்கு. மூன்று நீதிபதிகளில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த, அடர்ந்த புருவம். நம்ம ஆள், தமிழர். தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கம்பெனி வக்கீலைக் குடைந்தெடுத்தவர் அவர் ஒருவர்தான். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். மூவரும் கலந்து பேச உள்ளே போனார்கள். ஒரு தே குடிக்கிற நேரத்தில் திரும்பிவிட்டார்கள். காலி செய்ய வேண்டும். மூவருக்கும் ஒரே முடிவு.

போன மாதம், தானா ராத்தாவில் நான் வேலை செய்யும் தேநீர்க் கடைக்கு அந்த நீதிபதி இரண்டு நண்பர்களோடு வந்தார். நண்பர்கள் பால் விட்டு ஆற்றும் தே தாரிக் சொன்னார்கள். இவருக்கோ இருமல். இஞ்சி புதுசா, தட்டிப் போடுவீர்களா என்று என்னைக் குடைந்தார். நண்பர்களுக்குத் தே கொண்டுவந்து வைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, எங்க லயத்துக்காக அன்னைக்கு அவ்வளவு கேட்டீங்க. நீங்க மட்டுமாவது தனியா வேற தீர்ப்பு எழுதியிருக்கலாம் லா?"

புருவத்தைத் தடவிக்கொண்டார். "கேள்வி நான் கேட்டது தம்பி. முடிவு மூணு பேரும் சேர்ந்து எடுத்தது."

"சரிங்கய்யா. உங்களுக்கு இஞ்சித் தே தானே?"

நண்பர்களின் கோப்பைகளைப் பார்த்தார்.

"வேணாம். எனக்கும் அதே குடுத்துரு."

உள்ளே இஞ்சியைத் தட்டி வைத்திருந்தேன்.