பாலைத் தவிர எல்லாவற்றுக்கும் இணங்கிய அப்பா

அன்னவாசலில் பிறந்த எங்கள் அப்பா, சிறுவயதிலேயே தகப்பனை இழந்து ஏணி தூக்கப் போனவர்கள். ஊருக்கெல்லாம் வெள்ளையடித்தே என்னையும் தம்பியையும் கரையேற்றினார்கள். சொன்ன சொல் தவறாத மனிதர். பால் மட்டும் ஆகாது; வாடை பட்டாலே எழுந்து போய்விடுவார்கள்.

ஏணியில் ஒருநாளும் தவறாத அப்பா, பாத்ரூம் வாசலில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்கள். இலுப்பூரில் பார்த்த டாக்டர், “எலும்புல கால்சியம் கொறைஞ்சிருச்சுங்கய்யா. சுண்ணாம்புச் சத்து. நெஞ்சு துடிக்கவே அது வேணும். சாப்பாட்டுல வரலைன்னா ஒடம்பு எலும்புலேர்ந்து எடுத்துக்கும். இன்னொரு தடவ விழுந்தா இடுப்பு போயிரும், படுக்கைதான்” என்றார்.

“ஊருச் செவுத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சவன் ஒடம்புல சுண்ணாம்பு இல்லையாம்ல!” என்று பஸ் முழுக்கப் புலம்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. “என்னைய நாலு பேரு தூக்குறது ஒரே ஒரு தடவையாத்தான் இருக்கணும், ஆத்தா” என்றார்கள் என்னிடம். அப்பா பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

பயம் இருந்தும் டாக்டர் எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை இறங்கவில்லை. அம்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்கள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டு முட்டை கரண்டிக்கு உடையவில்லை. அம்மிக்கல்லில் தட்ட வேண்டியிருந்தது. சந்தேகப்பட்டு அம்மா கொல்லையை எட்டிப் பார்த்தால், அப்பா மாத்திரையைப் பொடித்துக் கோழிக்குத் தூவிக்கொண்டிருக்கிறார்கள்!

“அடப் பாவி மனுசா! கோழியா வழுக்கி விழுந்துச்சு?”

“அதுக தின்னா என்னடி, முட்டையில வருமுல்ல?”

“ஓட்டுலதான் வரும். ஓட்டையா திங்கப் போறீங்க?”

அன்றிலிருந்து அம்மா ஆட்சிதான். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, முள்ளோடு நெத்திலி, காலை வெயிலில் கடைத்தெரு வரை நடை. மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் இணங்கினார்கள். பாலுக்கு மட்டும், “செத்தாலும் நடக்காது.”

மறுபடி விழவே இல்லை. கடைசி நாளும் நடந்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வரக்காப்பி கேட்டார்கள். அம்மா கொண்டு வருவதற்குள் போய்விட்டார்கள். நாலு பேர் தூக்கியது அந்த ஒரு தடவைதான். அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. எங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை.

தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், அடுப்படியைப் பார்த்துக்கொண்ட அத்தைமாருக்கும், டாக்டருக்கும், காட்டிக்கொடுத்த கோழிகளுக்கும் எங்கள் நன்றி.

எரித்த மறுநாள் சுடுகாட்டில் எலும்பு எடுத்துப் பால் தெளிக்கத் தம்பி கிளம்பினான். அம்மா சொம்பு நிறையப் பாலைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள்.

“எலும்புல படுற மாதிரி ஊத்துடா. வேணாமுன்னு அவுக ஒரு வார்த்தை சொன்னாகன்னா, ஊத்தாமத் திருப்பிக் கொண்டாந்துரு.”