வந்த மழையை வெட்டி விட்டேன்

புரட்டாசி பாதி போய்விட்டது. வானம் ஒரு துளியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. காலையில் கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் அலுவலகம் போகும்போதெல்லாம் கிழக்கே பார்ப்பேன். கடல் பக்கமிருந்து ஒரு மேகம் ஏறும், கொஞ்ச நேரம் நம்மைப் பார்க்கும், வேறு வேலை ஞாபகம் வந்ததுபோலத் திரும்பிவிடும். டைரியில் மழை என்று எழுதக்கூடக் கூச்சமாக இருந்தது. எழுதினேன், அடித்தேன்.

வந்தது ஒரு முற்பகலில். முதலில் வாசனை. பிறகு சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் யாரோ மூட்டை மூட்டையாகக் கடலையைக் கொட்டுவதுபோலச் சத்தம். அலுவலகமே வாசலுக்கு ஓடியது. கருக்களாச்சேரியிலிருந்து வரும் தோழி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்கம்மா கருவாடு பூரா மணல்ல காயுது. நீங்க ஆடுங்கடி, ஆடுங்க!"

நானும் கையை நீட்டினேன். நனைந்தேன், சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் ஞாபகம் வந்தது. அக்காவின் வயல்.

அத்தானுக்குக் கண் ஆபரேஷன். அக்கா அவரோடு புதுச்சேரியில். வரிச்சிக்குடியில் அவர்களுக்கு இருக்கும் ஒரே வயல் புழுதி விதைப்பில் கிடந்தது. காய்ந்த மண்ணில் நெல்லைத் தெளித்து, உழுது மூடி, மழையை நம்பி விட்டுவிடுவது. ஆவணியில் தெளித்த விதை ஒரு சின்னத் தூறலில் ஏமாந்து முளைத்து, அடுத்த வாரமே கருகிப்போனது. இது இரண்டாவது விதை. மூன்றாவதுக்கு வீட்டில் விதைநெல் கிடையாது. இதுவும் போனால் இந்த வருஷம் சம்பா இல்லை.

பஸ் ஏறும்போது அக்கா சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"தண்ணி நின்னா வெட்டி விட்டுடு. விதை உள்ளயே அழுவிடும். நிக்கலன்னா தொடாத, ஈரம் இருக்கட்டும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"இன்னொன்னு. பக்கத்து வயக்காரி பேச்ச மட்டும் கேட்டுடாத."

பக்கத்து வயல்காரி போன வருஷம் பொது வரப்பை ஒரு சாண் சீவிவிட்டாள் என்பது அக்காவின் வழக்கு. அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மழை சிறுத்திருந்தது. செருப்பைக் கழற்றி வரப்பில் நின்றேன். ஒன்றுமே புரியவில்லை. தண்ணீர் நின்றது, நிற்கவும் இல்லை. ஈசானி மூலையில் கணுக்கால் ஆழத்துக்குக் கலங்கிய தண்ணீர். மேட்டுப் பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தால் ஒரு விரல்தான் ஈரம், அதற்குக் கீழே பழைய புழுதி, சுடச்சுட. ஒரே வயல். பாதி மூழ்குகிறது, பாதி தவிக்கிறது. அக்கா சொன்னதில் எது இது?

அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"என்னா தங்கச்சி, ஆபீசு மழையில நனையுது?"

உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு அந்தப் பக்கத்து வயல்காரியேதான்.

"பள்ளத்துல நிக்குதே, பாக்குறீங்களா? வெட்டி விடுங்க. நாளைக்கு வரைக்கும் கெடந்தா ஒண்ணும் தேறாது."

"வெட்டுனா எங்க போவும்?"

"எங்க வயலுக்குத்தான். வேற எங்க போவும், ஒங்க ஆபீசுக்கா?" சிரித்தாள். "நடவுக்குச் சேறடிக்கத் தண்ணியில்லாம நிக்கிறேன். எனக்கும் வேணுந்தான். அதுக்காவ நான் சொல்றது பொய்யாயிடுமா?"

ஆகுமா, ஆகாதா? தனக்கு வேண்டியதைச் சொல்கிறவள் நமக்கு வேண்டியதையும் சேர்த்துச் சொல்ல முடியாதா? இரண்டு மாதம் வானத்திடம் கையேந்திவிட்டு, வந்த தண்ணீரை முதல் காரியமாக வெளியே அனுப்புவதா? நாளை வெயில் அடித்தால்? பள்ளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்று தெரியும். தெரிந்தும் அதை விட மனம் வரவில்லை.

குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன். சேற்றோடு ஒரு நெல் வந்தது. உமி ஊறி உப்பி, நுனி வெளுத்து, முளைவிடக் காத்திருந்தது. முகர்ந்தேன். நாற்றமில்லை. இன்னும் இல்லை.

"மம்பட்டியக் குடுங்க" என்றேன்.

என் காலருகே விழுந்த வெட்டைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வரப்பத்தான் வெட்டணும் தங்கச்சி, கால இல்ல." பிறகு அவளே வாங்கி ஒரே போடில் ஒரு சாண் திறந்துவிட்டாள். தண்ணீர் ஒரு நொடி தயங்கியது. பின் மண்ணைக் கரைத்துக்கொண்டு அவள் வயலுக்குள் இறங்கியது. அவ்வளவு வேகமாக அது போகும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"மழையாமே! தண்ணி நிக்குதா?"

"ஈசானி மூலையில நின்னுது. வெட்டியாச்சு."

"எந்த வரப்புல?"

"பொது வரப்புல."

"அவ சொன்னாளா?"

"சொன்னாங்க."

"அங்கதான் நிக்கிறாளா?"

"ம்."

"போன அவகிட்டக் குடு."

போனை நீட்டினேன். அவள் கையைச் சாக்கில் துடைத்து, போனை வாங்கி, எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ம்... சொல்லுங்க... ஒரு சாண்தான்... இல்லக்கா, மேட்டுல பரவால்ல, இன்னொரு மழ வந்தா தேறிடும்... ம்... அண்ணனுக்குக் கண்ணுக்கட்டு அவுத்தாச்சா?... சரி சரி, வச்சிடுங்க."

போனை என்னிடம் தந்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"வடிஞ்சதும் என்னையே அடைச்சுடச் சொல்றாங்க. ஒங்கள நம்பல போல."

சொல்லி முடிப்பதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. முதலில் வந்ததைவிடப் பெரிய மழை. வெட்டிய வாயில் தண்ணீர் சுழித்தது. மேட்டில் மண் கறுத்துக்கொண்டே வந்தது.

"இப்ப அடைக்கணுமா, இன்னும் அகலமா வெட்டணுமா?" என்று கத்தினேன்.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் என்னா தெரியும் தங்கச்சி?" என்றபடி வரப்பில் உட்கார்ந்தாள். சாக்கின் ஒரு பாதியை என் தலைப்பக்கம் இழுத்துவிட்டாள். "இருங்க, பாப்போம்."