கன்னிமார் திட்டுக்குக் கல் சுமந்த கோடை

பரிசலின் ஈரத்தோல் வாடை என்றதுமே, மோகனூருக்கு மேற்கே எங்கள் ஊர்த் துறைக்கு எதிரே காவிரியின் நடுவில் கிடந்த கன்னிமார் திட்டு என் கண்முன் வந்துவிடும். தலைமாட்டில் கரும்பாறை, கால்மாட்டில் மணல், நடுவே நாவல் மரங்கள், அவற்றின் அடியில் ஏழு கன்னிமார் கற்கள்; திட்டு அவ்வளவுதான். முன்னொரு காலத்தில் அங்கே வெள்ளாமை செய்தவர்கள் ஒரு பெருவெள்ளத்துக்குப் பயந்து கரையேறியபின் திரும்பவேயில்லையாம். அதுமுதல் அது கன்னிமாரின் வீடு; எங்கள் பேச்சில் "ஊடு". மனிதர் இரவு தங்குவதில்லை. போகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுபோய், ஆறு அரிக்கிற தெற்கோரத்தில் போட்டுவிட்டுத்தான் கும்பிடுவார்கள்.

நான் சிறுமியாயிருந்தபோது ஓர் ஆடி வெள்ளம் அந்த ஓரத்தைக் கடித்துத் தின்று, சாமிக்குச் சில முழம் தள்ளி நின்றது. இன்னொரு வெள்ளத்துக்குத் தாங்காது, கன்னிமாரைக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள் பெரியவர்கள். அந்தச் சாமியிடம் மடியேந்தி என்னைப் பெற்ற அம்மா ஒப்பவில்லை. "அவுங்க ஊட்ட உட்டு அவுங்கள நவுத்த நாம யாருங்க?" என்று சொல்லிவிட்டு, கோடை முழுவதும் காட்டுவேலை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கூடை கூடையாகக் கல் சுமந்தாள்.

பரிசல்காரர் மாரப்பன் முனகுவார்: "ஏனுங்க அம்மிணி, இத்தன கல்ல ஏத்துனா பரிசலு முழுகிப்போயிருமுங்க. அப்பறம் கன்னிமாரோட நாமளும் சாமியாயிருவோம்."

"ஆனா ஆவுது. உனக்குப் பொங்க வெக்க எவ வாரான்னு பாத்துக்கலாம், தள்ளு!"

ஆனால் கொட்டிய கற்களில் பல மணலுக்குள் இறங்கி மறைந்தன. கல் போடுகிற வழக்கத்தை மட்டுமே நம்பியிருந்தோம். "கல்லு தனியா நிக்காது, புடிச்சு நிறுத்த வேரு வேணும்" என்று அம்மா எங்கள் கரையிலிருந்து நாணலைத் தூர் தூராகப் பெயர்த்துவந்து, கல் இடுக்கெல்லாம் நட்டாள்.

ஆடியில் வெள்ளம் வந்தது. நாவல் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் துறையிலேயே நின்றாள். வடிந்ததும் முதல் பரிசலில் போனோம். கல்லில் பாதியைக் காணோம். நாணல் தலைவாரியதுபோல ஒருபக்கமாய்ப் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் ஏழு பேரும் இடுப்பளவு வண்டலில் நின்றார்கள். மாரப்பன்தான் முதலில் விழுந்து கும்பிட்டார். அம்மா வண்டலை வழித்து மஞ்சள் பூசியபடியே, "அடுத்த வருசம் இன்னும் நெருக்கமா நடோணும்" என்றாள்.

பிறகு மேட்டூரில் அணை வந்தது, திட்டுக்கும் எங்கள் கரைக்கும் நடுவே ஓடிய ஆற்றுக்கிளை தூர்ந்தது, பரிசல் துறையும் போயிற்று. இப்போது என் பிள்ளைகள் முழங்கால் நனையாமல் திட்டுக்கு நடக்கிறார்கள். யார் கையிலும் கல் இல்லை. "இனி வெள்ளம் எங்கேம்மா வரப்போவுது?" என்று கேட்கிறார்கள். அதை ஆறுதான் சொல்ல வேண்டும். இந்தக் கோடையிலும் தெற்கோரத்தில் நாணல் நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.