விருந்துக்குப் போகாத கிடா

பட்டாளத்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை என்றதும், எங்கள் ஊர் மானகிரியில் என் கையில் துப்பாக்கி இருக்குமென்றே பேசிக்கொண்டார்கள். இருந்தது எக்ஸ்ரே ஃபிலிம். எதிரி கிருமியைத் தூவினால், அது எந்தக் கிருமி என்று அதன் டி.என்.ஏ.வைப் படித்துச் சொல்ல வேண்டும். ஃபிலிமில் நான்கு வரிசையாகக் கறுப்புக் கோடுகள் விழும். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் படிப்பதற்குள் கண் பூத்துப்போகும். தொண்ணூறுகளில் அதற்கு மெஷின் எங்களுக்கு ஏது! நான் படித்தது அடைப்பான் நோய்க் கிருமி. ஆந்த்ராக்ஸ் என்று ஆடு மாட்டையும் ஆளையும் கொல்லுமே, அதேதான். அதை ஆயுதமாக்குவார்கள் என்றுதான் எல்லா நாட்டுக்கும் பயம்.

என் நிச்சயத்துக்கு லீவில் வந்திருந்தேன். அம்மா நாயாய் அலைந்து பிடித்த சம்பந்தம். விருந்துக்கென்று தாய்மாமன் வாங்கிக் கட்டியிருந்த கிடா, அன்று காலை திடீரென்று விழுந்து செத்தது. எங்கள் பக்கம் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். சூடு ஆறுமுன் அறுத்துவிட்டால் கறி கறிதான் என்பார்கள். மாமாவும் கத்தியோடு வந்துவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டிருந்தது. அடைப்பானுக்கு அதுதான் அடையாளம்.

கத்தி வைக்கக் கூடாது என்றேன். பட்டாளத்துக்காரி செத்த ஆட்டுக்குப் பயப்படுகிறாள் என்று மாமா கேலி செய்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். மானத்தை வாங்காதே என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். நான் பட்டுப்புடவையோடு கத்திக்கும் ஆட்டுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எதிரி போட்டுருவான்னு நாங்க ராப்பகலாப் பயந்துக்கிட்டிருக்கிற கிருமி மாமா இது. நீங்களே எடுத்து இலையில வைப்பீகளா?"

மாமா கத்தியை வீசிவிட்டுப் போனார். மாட்டாஸ்பத்திரி டாக்டரை வரவழைத்தேன். அவர் ஆட்டின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு கொட்டி ஆட்டைப் புதைக்கச் சொன்னார். விருந்தில் சாம்பார்தான். மாப்பிள்ளையின் அம்மா கை நனைக்காமலே எழுந்து போய்விட்டார். நிச்சயம் நின்றுபோனது.

மறுநாள் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, அடைப்பானேதான் என்றார். சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுத் தரகர் வந்தார். அவர்களுக்கு இப்போது மனத்தாங்கல் இல்லையாம். பெண் அந்தக் கிருமி வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவுக உசுரோட இருந்து இப்படிச் சொல்லிவிடுறதே அந்த வேலையாலதான்னு போய்ச் சொல்லுங்க."