மாமாவின் இரண்டாவது பாட்டு

எங்கள் மாமாவின் மியூசிக் பேண்டைக் கெடுத்தது என் அம்மாதான் என்று பத்து வயதில் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. காரணம்தான் வேறு.

அம்மாவின் தம்பியும் அவர் கல்லூரிக் கூட்டாளிகள் மூவரும் எங்கள் வீட்டுப் பின்னறையில் எட்டு மாதம் வாசித்துப் பழகினார்கள். கிட்டார் காதைப் பிளக்கும்; ஆனாலும் மெட்டு வாயில் ஒட்டிக்கொள்ளும். அந்த வகைப் பாட்டுக்குப் பவர் பாப் என்று பெயராம். பாட்டெல்லாம் அவர்களே எழுதியது. இரண்டாவது பாட்டு, ஆற்றுப்பாலத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றியது. அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் தாங்கவில்லை என்று திட்டிக்கொண்டே இருப்பாள்.

எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் மேடை கிடைத்தது. இரவுக்கு வெளியூர் ஆர்க்கெஸ்ட்ராவாம். உள்ளூர்ப் பையன்களுக்கு மதிய வெயில். அதற்கே மாமா புதுச் சட்டை எடுத்தார்.

முதல் பாட்டை யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டாவது பாட்டு சூடு பிடித்தபோது பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் எழுந்தது. அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. முடி அவிழ, கண் சொருக ஆடினாள். அத்தனை வருஷமாக வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் வராத சாமி, மாமா பாட்டின் நடுவிலா வரவேண்டும்?

சாமி ஆடும்போது கொட்டு நிற்கக் கூடாது. கொடைக் கமிட்டி அண்ணாச்சி மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

“லே, பாட்டு போதும். டிரம்ஸ மட்டும் அடி. சாமி மலையேறுத வரைக்கும் நிறுத்தப்பிடாது.”

அரைமணி நேரம் டிரம்ஸ்காரர் அடித்தார். மாமாவும் மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மிச்சப் பாட்டுகளை யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். “ஒங்க கொட்டுக்குச் சாமி நல்லா வருதாம்லா. அந்தத் தம்பி மட்டும் வந்தாப் போதும்.” டிரம்ஸ்காரர் போனார். பேண்ட் அதோடு முடிந்தது. எட்டு மாத உழைப்பு, ஒன்றரைப் பாட்டு. அநியாயம் இல்லையா?

மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நாலாம் நாள் கேட்டுவிட்டேன். “ஏம்மா மாமா பாட்டைக் கெடுத்த?”

“நானா ஆடுனேன்? சாமில்லா ஆடிச்சு.”

சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். சற்று நேரத்தில் அந்தப் பஸ் பாட்டை முணுமுணுப்பது கேட்டது, ஒரு வரி விடாமல். எனக்கு ஆத்திரம் பொங்கியது. “அதை நீ பாடாத” என்று கத்தினேன். சட்டென்று நிறுத்திவிட்டாள். பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மாமா பாட்டுக்கு அந்த ஊரில் ஒரே ஒருத்திதான் ஆடினாள். அதையும் சாமி தலையில் போட வேண்டியிருந்தது அவளுக்கு. எனக்கு அது அப்போது புரியவில்லை.